எலுமிச்சம்பழம் ஏறாத வண்டி

1

மலைக்கு அந்தப் பக்கம் போனவர்களை எங்கள் போடியில் யாரும் வெளிநாடு போனவர்களாகச் சேர்த்துக்கொள்வதில்லை. துபாயிலிருந்து சித்தப்பா மகன் வந்தால் தெருவே திரண்டு வந்து விசாரிக்கும். கொச்சியிலிருந்து நான் போனால், "நேந்திரங்கா சிப்ஸ் கொண்டாந்தியா?" என்று மட்டும் கேட்பார்கள். அவனுக்கு விமானம், எனக்கு வளைந்து வளைந்து மலைப்பாதை, வழியெல்லாம் வாந்தி. மற்றபடி அவனுக்கும் எனக்கும் கஷ்டம் ஒன்றுதான். சோறு வேறு, பேச்சு வேறு, பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று புரிய சில வருஷம் ஆகும்.

கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து இந்த ஆவணியோடு இருபத்தைந்து வருஷம். என் வீட்டுக்காரருக்குக் கொச்சங்காடியில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். நான் வந்த முதல் வாரம் முழுக்கத் தும்மினேன். பஜாரில் மிளகு, சுக்கு, மிளகாய் எல்லாம் சேர்ந்து ஒரு காற்று அடிக்கும். இப்போது ஊருக்குப் போய் நல்ல காற்றை இழுத்தால்தான் தும்மல் வருகிறது.

இருபத்தைந்து வருஷத்தைக் கொண்டாட இவர் எனக்குச் சேலை எடுத்துத் தருவார் என்று நினைத்தேன். கார் எடுத்தார். அந்தக் காரைப் பற்றித்தான் ஊரில் கண்டபடி பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நடந்தது என்ன என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் சொல்லிவிடுகிறேன்.

2

காரைத் தேடிக் கண்டுபிடித்தது எங்கள் மகள் நிவேதா. எங்களுக்கு நிவி. எர்ணாகுளத்தைத் தாண்டி ஒரு கம்பெனியில் வேலை. படகு, பஸ், மெட்ரோ, மறுபடி ஆட்டோ என்று போய்வந்து அலுத்துப்போய்விட்டாள். தவணையில் பாதி அவள் சம்பளத்திலிருந்து போகிறது. சாவி மட்டும் இரண்டுமே அப்பாவிடம். ஒன்று சட்டைப்பையில், இன்னொன்று பீரோவில் என் நகைக்குப் பக்கத்தில். மகள் கேட்டால், "மொதல்ல கை பழகட்டும்" என்பார். லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷமான பெண்ணுக்குக் கை எப்போது பழகும் என்று கேட்டால் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

வண்டி ஒரு லிட்டர் என்ஜின், மூன்று சிலிண்டர், டர்போ. நிவி எங்களை உட்கார வைத்து விளக்கினாள். வெளியே போகிற புகை ஒரு குட்டி விசிறியைச் சுற்றுமாம். அந்த விசிறி என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுமாம். அதனால் சின்ன என்ஜின் பெரிய என்ஜின் வேலையைச் செய்துவிடுமாம்.

"பொகையில ஓடுற வண்டியாக்கும்" என்றார் இவர்.

"அதல்ல அப்பா. பெட்ரோல்தான். பவர் கூடுதலுண்டு. மத்ததுக்கு ஒண்ணரை லிட்டர்ல கிட்டுறது இதுக்கு ஒரு லிட்டர்ல கிட்டும்."

"கிட்டும்னு சொல்லாத. கெடைக்கும்னு சொல்லு."

"கெடைக்கும். வாங்கலாமா?"

எங்கள் வீட்டுத் தமிழ்ப் பாடம் தினமும் இப்படித்தான் நடக்கும். அவள் பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்தது மலையாளம். தமிழைக் கடைப் பலகையில் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். "ஊருக்குப் போறேன்" என்று அவள் சொன்னால் போடியிலிருந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்புகிறாள் என்று அர்த்தம். அதில் இவருக்கு ஒரு வருத்தம் உண்டு. எனக்கும் உண்டு, ஆனால் எனக்கே கப்பைக்கிழங்கும் மீனும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடிவதில்லை. நான் எந்த வாயால் கேட்பது.

இவருக்குக் கார் எண் TN 60 என்று இருக்க வேண்டும். தேனி மாவட்ட எண். ஷோரூமில் மேலாளர் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாதாடினார். அந்தத் தம்பி பொறுமையாக, சேட்டன் குடியிருக்கிறது இங்கே, ஆதார் இங்கே, கடை இங்கே, ரேஷன் கார்டு இங்கே, வண்டி மட்டும் எப்படி அங்கே என்று கேட்டான். இவர் போடி வீட்டு வரி ரசீதை எடுத்து வைத்தார். அது இவர் அண்ணன் பெயரில் இருந்தது. கடைசியில் KL 43 ஆயிற்று. மட்டாஞ்சேரி எண். அன்று இவர் சாயா கூடக் குடிக்கவில்லை.

3

வண்டி வந்த அன்று நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். தெருவே பார்த்தது. எதிர்வீட்டு ஜோசப் சேட்டன் மாடியில் நின்று பார்த்தார். இவர் சாமி கும்பிட்டு, சாவியைத் திருகி, கடைக்கு வைத்திருந்த பழைய பிக்கப் டீசல் வண்டியில் செய்கிற மாதிரி ஆக்சிலேட்டரைத் தொடாமலே கிளட்ச்சை விட்டார். டீசல் அப்படியே ஊர்ந்து போகும். இது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மறுபடி விட்டார். மறுபடி நின்றது. எலுமிச்சம்பழங்கள் நாலும் முழுசாக இருந்தன.

"சேட்டா," என்றார் ஜோசப் சேட்டன் மாடியிலிருந்து, "ஆ நாரங்ஙா எடுத்து மாத்திக்கோ. வண்டி பாவமல்லே." நாரங்ஙா என்றால் எலுமிச்சம்பழம்.

மூன்றாம் தடவை பொங்கி வந்த கோபத்தில் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் டர்போ விழித்துக்கொண்டு, வண்டி பழத்தை நசுக்கி, கோலத்தைத் தாண்டி, ஜோசப் சேட்டன் வீட்டு கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது. நிவி இதைப் படம் பிடித்து போடிக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பியிருக்க வேண்டாம்.

அண்ணன் உடனே போன் போட்டார். இவருக்கு மூத்தவர். போடியில் சொந்த ஜீப் வைத்து, ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறி இறங்குகிறவர். "ஏப்பா, ஒரு லிட்டராம்ல. எங்க வீட்டுத் தண்ணி பாட்டிலே ரெண்டு லிட்டர்டா. எலுமிச்சம்பழம் ஏறாத வண்டி போடிமெட்டு ஏறுமா?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்து அவரே போனை வைத்தார். அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் வண்டிக்குப் பெயர் எலுமிச்சம்பழம்.

அந்த வண்டியோடு குடும்பம் நடத்துவது ஒரு தனிப் பழக்கம். பஜார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது அதற்கு உயிரே இல்லை. தோப்பும்படி பாலத்து நெரிசலில் நம் பொறுமையைச் சோதிக்கும். புறவழிச்சாலையில் ஏறி, என்ஜின் சுற்றைக் காட்டுகிற ஊசி இரண்டாயிரத்தைத் தாண்டினால், முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி கிளம்பும். "இத்தன பலத்த வச்சுக்கிட்டு மட்டாஞ்சேரில என்ன பண்ண" என்று இவர் அலுத்துக்கொள்வார். பலம் இருக்கிறது, காட்ட இடமில்லை. எங்கள் தெருவில் பாதி ஆண்களின் கதையும் அதுதான்.

சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணையும். கிளட்ச்சை மிதித்தால் தானாக எரியும். முதல் தடவை அணைந்தபோது இவர் கைகாட்டிப் பின்னால் இருந்தவர்களையெல்லாம் சுற்றிப் போகச் சொன்னார், வண்டி ரிப்பேர் என்று. நிவி விளக்கிய பிறகு இவருக்கு அதுதான் காரிலேயே பிடித்த சங்கதி ஆயிற்று. "வண்டிக்கே சிக்கனம் தெரிஞ்சிருக்கு" என்று கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பிடிக்காத சங்கதி சத்தம். மூன்று சிலிண்டர் என்பதால் தெருமுனையில் திரும்பும்போது கடகடவென்று ஆட்டோ மாதிரியே கேட்கும். "இத்தன லட்சம் போட்டு ஆட்டோ வாங்கியிருக்கேன்" என்பார். இருந்தாலும் தூரம் ஓட்டி வந்தால் உடனே அணைக்கக் கூடாது, டர்போ சூடு ஆற வேண்டும் என்று நிவி சொன்னதை மட்டும் வேதமாகப் பிடித்துக்கொண்டார். வாசலில் என்ஜினை ஓடவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்கள் தியானம் என்று நினைத்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நிவிக்கு வண்டி புத்தி இவரிடமிருந்துதான் வந்தது. அவள் எட்டாவது படிக்கும்போது பிக்கப்புக்கு பேட்டரி செத்துக் கிடந்தது. காலையில் அவளை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு, இவரும் கடைச் சுமை ஆட்களும் பின்னாலிருந்து தள்ளுவார்கள். "ரெண்டாங்கியரப் போட்டு கிளட்ச்ச விடு தாயி" என்று இவர் கத்துவார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி ஸ்டார்ட் ஆகும். அவள் பிரேக்கை எட்டி மிதித்து நிறுத்திவிட்டு, யூனிஃபார்மோடு இறங்கிப் பள்ளிக்கூடம் போவாள்.

4

போடியில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. வருஷா வருஷம் போகிறதுதான். இந்த வருஷம் எலுமிச்சம்பழத்தில் போக வேண்டும் என்று அண்ணன் சவால் விட்டிருந்தார்.

நிவி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள். "அப்பா, நான் ஓட்டறேன். இங்க தொட்டு போடி வரைக்கும். அப்புறம் ரெண்டாமத்த சாவி எனக்கு. சரியா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

"மல ஏத்தி எறக்கணும்" என்றார். "நான் ஒரு வார்த்த சொல்லாத அளவுக்கு ஓட்டணும். எறக்கத்துல தப்புப் பண்ணுனா சாவி பீரோவிலதான்."

"ஓகே" என்றாள். சாதாரணமாகச் சொன்னாலும், அன்று ராத்திரி அவள் போனில் போடிமெட்டு வளைவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி ஒரு இரும்புத் துண்டுதான். ஆனால் அது பீரோவில் இருக்கிற வரைக்கும், தான் இந்த வீட்டில் இன்னும் எட்டாவது படிக்கிற பிள்ளைதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அவள் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. வெளியே சொல்லவில்லை, வீட்டில் நடுவர் நான்தான்.

விடியும் முன் கிளம்பினோம். நேரியமங்கலம் பாலம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இவர் காலை முன்னால் அழுத்தி, இல்லாத பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தார். வண்டி ஏறியது பாருங்கள். ஒரு முனகல் இல்லை. சிப்ஸ் மூட்டை, தேங்காய் எண்ணெய் டின், அல்வா, பின் சீட்டில் நான் என்று அத்தனை பாரத்தோடும், மூன்றாம் கியரிலேயே சரக்கு லாரிகளைத் தாண்டியது. நிவி கியரை மாற்றுகிற லாவகத்தைப் பார்த்தால் என் கண்ணே பட்டுவிடுமோ என்று இருந்தது. அடிமாலியில் சாயாவுக்கு நிறுத்தியபோது இவர் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடாகலையே" என்றார், ஏதோ ஏமாந்தவர் மாதிரி.

மூணாறு, பூப்பாறை எல்லாம் தாண்டும் வரை இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாததே அவருக்குப் பெரிய உபத்திரவமாக இருந்தது.

5

போடிமெட்டில் தமிழ்நாட்டு செக்போஸ்டில் கை காட்டி நிறுத்தினார்கள். KL 43 பலகையைப் பார்த்துவிட்டு ஒரு இளம் போலீஸ்காரர் குனிந்தார். "எவிட போகுந்நு?" என்று தனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டார்.

இவர் பழக்க தோஷத்தில், "போடி வரே. கோயில் கொடையாணு" என்று மலையாளத்திலேயே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. உடனே நல்ல போடித் தமிழில், எந்தத் தெரு, யார் மகன், ஜீப்காரர் தன் அண்ணன் என்று எல்லாம் விவரமாகச் சொன்னார்.

போலீஸ்காரர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். "தமிழ் நல்லாவே பேசுறீங்களே சேட்டா" என்றார்.

நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். நிவியால் முடியவில்லை, ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. வண்டி கொஞ்சம் தள்ளிப் போனதும், "நிறுத்து" என்றார். "எறங்கு. நான் எறக்குறேன்."

"அப்பா, அப்போ நம்ம பேச்சு?"

"இது என் மல. நீ பெறக்குறதுக்கு முன்னாடியே ராத்திரி பகலா மொளகா லோடு ஏத்தி எறக்குன மல. தள்ளி ஒக்காரு."

நிவி இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். இவருடைய விறைத்த பின்னங்கழுத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மேலிருந்து பார்த்தால் போடி சமவெளி விரித்துப் போட்ட மாதிரி கிடக்கும். அதைப் பார்த்ததும் இவருக்கு இளமை திரும்பிவிட்டது. சீட்டி அடித்தார். இரண்டு வளைவு நன்றாகத்தான் இறக்கினார். மூன்றாவது வளைவு தாண்டி நீள இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைப் பின்னால் திருகி, என்ஜினை அணைத்துவிட்டார்.

அந்தக் காலத்துப் பிக்கப், லாரிக்காரர்கள் எல்லோரும் செய்த வேலைதான் அது. இறக்கத்தில் எதற்கு டீசல் என்று அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்வார்கள். மிச்சமான டீசல் கைச்செலவுக்கு ஆகும்.

"அப்பா, என்ன செஞ்சீங்க?" என்றாள் நிவி.

"சிக்னல்ல வண்டியே தன்னால அணைச்சுக்குதுல்ல? எறக்கத்துல நான் அணைச்சா என்ன குத்தம்?"

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. முதல் தடவை பிரேக் பிடித்தது. இரண்டாம் தடவை அரைகுறையாகப் பிடித்தது. அடுத்த வளைவு தெரிந்தபோது இவர் மிதித்தார், மிதி கருங்கல் மாதிரி இறுகி நின்றது. ஸ்டியரிங்கும் திரும்ப மாட்டேன் என்று கனத்தது. இவர் சீட்டி நின்றுபோனது. நான் முருகா என்று சொன்னேனா, நினைத்தேனா என்று தெரியவில்லை. கீழே இருந்து ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வருவது கேட்டது.

நிவி கத்தவில்லை. கையை நீட்டி ஹாண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, பேடிக்கண்டா. சாவி முன்னோட்டு திரி. செகண்ட் இடு. கிளட்ச் விடு."

பயப்படாதீங்க என்பதற்குப் பேடிக்கண்டா என்று வீட்டில் இப்படிப் பேசியிருந்தால் இவர் நாலு திருத்தம் சொல்லியிருப்பார். இப்போது அவள் சொன்னபடியே சாவியை முன்னால் திருகினார், இரண்டாம் கியரைப் போட்டார், கிளட்ச்சை விட்டார். வண்டி எங்களை ஒரு துள்ளுத் துள்ள வைத்து, கடகடவென்று உயிர் பெற்றது. அந்த ஆட்டோ சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை. சின்ன என்ஜின் எங்களைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்தது. என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பலம் வருமாம், இரண்டும் திரும்பி வந்தன. வளைவில் ஜீப்புக்கு வழிவிட்டு ஓரமாக நின்றோம்.

தேங்காய் எண்ணெய் டின் என் மடியில் இருந்தது. எப்போது தூக்கி அணைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

இவர் முழுசாக இழுத்திருந்த ஹாண்ட்பிரேக்கை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார். எனக்கு வந்த கோபமெல்லாம் அதைப் பார்த்ததும் போய்விட்டது.

"ரெண்டாங்கியர் எப்பிடித் தோணுச்சு ஒனக்கு?" என்றார்.

"நீங்க தள்ளும்போ சொல்லித் தந்ததுதானே" என்றாள் நிவி. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, கியர்ல போட்டு, ஆக்சிலேட்டர்ல காலெடுத்து எறங்குனா, இந்த வண்டி பெட்ரோலே குடிக்காது. ஒரு துளி கூட இல்ல. நியூட்ரல்ல இட்டா ஒண்ணும் லாபமில்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

இவர் கதவைத் திறந்து இறங்கினார். சுற்றி வந்து இந்தப் பக்கக் கதவைத் திறந்து நின்றார். நிவி இறங்கி ஸ்டியரிங்குக்குப் போனாள். மீதி மலையை அவள்தான் இறக்கினாள். அடிவாரம் வரும் வரை இவர் கால் ஒரு தடவை கூட இல்லாத பிரேக்கை மிதிக்கவில்லை.

6

அண்ணன் வாசலிலேயே காத்திருந்தார். கையில் ஒரு எலுமிச்சம்பழம். வேண்டுமென்றே.

"ஏறிருச்சா?" என்றார் வண்டியைச் சுற்றி வந்து. "பாதி வழில தள்ளுனீகளா இல்ல முழுசும் தள்ளுனீகளா?"

"ஏறுனது ஒரு விஷயமே இல்லண்ணே" என்றார் இவர்.

"யாரு ஓட்டுனா?"

"நிவி."

"எறக்கமுமா?"

நானும் நிவியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டோம்.

"எறக்கமும் அவதான்" என்றார் இவர். "ஏத்தத்த எந்த வண்டியும் ஏறிரும்ண்ணே. எறக்கத்துலதான் ஆளு வேணும்."

அண்ணன் நிவியைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தை அவள் கையில் கொடுத்தார். கொடை முடியும் வரைக்கும் ஊரில் யாரும் வண்டியைக் கேலி செய்யவில்லை. என்னிடம்தான் கேட்டார்கள், இந்தத் தடவை சிப்ஸ் ஏன் இவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்று. வழி சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

7

திரும்பி வந்த மறுநாள் காலையில் இவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கடைக்குப் போய்விட்டார். வாசல் பக்கத்து ஆணியில், கரண்ட் பில் மாட்டுகிற இடத்தில், இரண்டாம் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சாவியில் ஒரு சின்னப் போடி முருகன் படம் கோத்திருந்தார். நிவி அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் செருப்பு மாட்டுகிற மாதிரியே குனிந்திருந்தாள்.

முதல் நாள் தனியாக ஆபீசுக்குப் போனாள். இவர் கடையிலிருந்து எனக்குப் போன் மேல் போன். தோப்பும்படி பாலம் தாண்டிவிட்டாளா. ஆபீசில் நிழலில் நிறுத்தினாளா. "அவகிட்டயே கேக்க வேண்டியதுதானே" என்றேன். "ஓட்டும்போது போன் பண்ணக் கூடாதுல்ல" என்றார், அவள் போய்ச் சேர்ந்து மூன்று மணி நேரமான பிறகு.

சாயங்காலம் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுச் சீக்கிரமே வந்தார். சாயா ஆறிப்போனது. எங்கள் தெருமுனையில் எத்தனை ஆட்டோ திரும்பியதோ அத்தனை தடவை எழுந்து வாசலுக்குப் போனார். எதிர்மாடியிலிருந்து ஜோசப் சேட்டன், "மோள் வரும் சேட்டா, அவிட இரிக்கு" என்று சொல்லிப் பார்த்தார். இவர் உட்காருவதாக இல்லை. ஒவ்வொரு தடவையும் வெறும் ஆட்டோவைப் பார்த்துவிட்டு, ஏதோ வேலையாகப் போனவர் மாதிரி துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். துளசி பாவம், அன்று நீந்தியது.

விளக்கு வைத்த பிறகு மறுபடியும் தெருமுனையில் கடகடவென்று ஒரு ஆட்டோ சத்தம். இவர் எழுந்திருக்கவில்லை. சாயா டம்ளரை நிதானமாகக் கையில் எடுத்தார். நான்தான் பதறிப்போய் எழுந்தேன்.

"ஒக்காரு" என்றார். "அது ஆட்டோ இல்ல. நம்ம வண்டி."